ஊசி போட்டும் ரத்தக்கட்டி வந்தது ஏன்?

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவனாக, கோவிட் அலைகளின்போது நோயாளிகளின் உறவினர்களிடமிருந்து நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "ரத்தம் உறையாமல் இருக்கத்தான் தினமும் ஊசி போட்டீர்களே டாக்டர், பிறகு எப்படி நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தது? கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருக்கக் கூடாதா?" நியாயமான கேள்விதான், 2020இல் நாங்களும் எங்களுக்குள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ரத்தம் ஓடாமல் தேங்குவது, ரத்தக்குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தமே உறையும் இயல்பு மிகுந்துபோவது ஆகிய மூன்றும் கட்டி உருவாகக் காரணங்கள் என்று ஜெர்மன் மருத்துவர் விர்க்கோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். மயக்க மருந்தின் பிடியில் நாள்கணக்கில் அசையாமல் வென்டிலேட்டரில் கிடப்பவருக்கு முதல் காரணம் தானாகவே வந்துவிடுகிறது. கழுத்திலோ தொடையிலோ பெரிய சிரைக்குள் நாங்கள் செருகும் குழாய் இரண்டாவதற்குத் துணைபோகிறது. கடுமையான வைரஸ் தொற்றோ, உட்சுவரை அழற்சியால் புண்ணாக்கி, உறைதலைத் தூண்டும் புரதங்களையும் பெருக்கிவிடுகிறது. கடுமையான இன்ஃபுளூயன்சாவிலும் இது நிகழ்வதுண்டு என்றாலும் கோவிட்டில் கண்ட அளவு எங்களைத் திகைக்க வைத்தது.

அந்தத் திகைப்பு எனக்கு முதலில் வந்தது ஸ்கேன் படத்தைப் பார்த்தல்ல, டயாலிசிஸ் ஃபில்டரைப் பார்த்துத்தான். தொடர்ச்சியாக ஓடும் டயாலிசிஸில் இரண்டு மூன்று நாள் தாங்க வேண்டிய ஃபில்டரின் மெல்லிய இழைகளில் சில மணி நேரத்திலேயே ரத்தம் உறைந்து கருங்கோடுகள் விழும். பிறகு அழுத்தம் ஏறி எந்திரம் அலறும். செவிலியர் புதிய ஃபில்டரை மாட்டிய கை காய்வதற்குள் அதிலும் கோடு தெரியும்.

2020 ஏப்ரலில் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வறிக்கை ஒன்றில், தீவிர சிகிச்சையில் இருந்த 184 கோவிட் நோயாளிகளுக்கும் தடுப்பு ஊசி போடப்பட்டிருந்தும், ரத்த உறைவுச் சிக்கல்களின் விகிதம் 31 சதவீதம் என்றும், அவற்றில் பெரும்பான்மை நுரையீரல் தமனி அடைப்பு என்றும் இருந்தது. அதைப் படித்த பலரும், நான் உட்பட, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி மருந்தான ஈனாக்ஸபாரினின் வழக்கமான தடுப்பு அளவான 40 மில்லிகிராம் போதாது என்ற முடிவுக்கு வந்து அளவைக் கூட்டினோம். ரத்தக்கட்டி சிதையும்போது ரத்தத்தில் கூடும் புரதத் துணுக்கை அளக்கும் டி-டைமர் எண்ணைப் பார்த்து மருந்தை ஏற்றிய நாட்களும் உண்டு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கடும் நோயாளிகள் பெரும்பாலோரிடமும் உயர்ந்தே இருக்கும் அந்த எண்ணை அவ்வளவு நம்பியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

2021இல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சோதனைகளின் முடிவு வந்தது. உயிர் காக்கும் கருவிகளின் உதவி தேவைப்பட்ட நோயாளிகளில், கட்டி வந்துவிட்டவர்களுக்குத் தரும் முழு சிகிச்சை அளவு ஹெபாரின் (ஈனாக்ஸபாரினும் இந்த வகை மருந்துதான்) பெற்றவர்களில் 62.7 சதவீதத்தினரும் வழக்கமான தடுப்பு அளவு பெற்றவர்களில் 64.5 சதவீதத்தினரும் பிழைத்து வீடு திரும்பினர்; பெரிய ரத்தக்கசிவோ முறையே 3.8, 2.3 சதவீதம். அவ்வளவு மோசமடையாமல் சாதாரண வார்டில் இருந்தவர்களுக்கு மட்டும் முழு அளவால் பலன் கிடைத்தது. நுண்குழாய்களில் உறைவும் அழற்சியும் முற்றிய பிறகு மருந்தைக் கூட்டினால், அடைப்பு விலகுவதைவிடக் கசிவே முந்திக்கொள்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே இன்று கட்டி உறுதிப்படாத நோயாளிக்குத் தடுப்பு அளவிலேயே நிற்கிறேன். உடல் எடை மிக அதிகமாகவோ சிறுநீரகம் பழுதாகவோ இருந்தால் மட்டும் அளவோ மருந்தோ மாறும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சீராக இருந்த ஆக்சிஜன் அளவு திடீரெனச் சரிந்தாலோ, நோயாளியை நகர்த்துவது எவ்வளவு சிரமமானாலும் ஸ்கேனுக்கு அனுப்பத் தயங்குவதில்லை. கட்டி படத்தில் தெரிந்துவிட்டால், ரத்தக்கசிவு போன்ற தடை ஏதும் இல்லாதவரை, அன்றே முழு அளவு தொடங்கிவிடும்.