பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போனால் கிரவுண்டைப் பாருங்கள்

ஹெட்போன் சரியாகக் கேட்கவில்லை என்றால் உடனே தூக்கிப்போட வேண்டாம். எது கேட்கவில்லை என்று முதலில் கவனியுங்கள். பழுது எந்தக் கம்பியில் என்று பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில், குத்தாலத்தில், என் மாமனார்தான் ஹெட்போன் பிரியர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து டி.என்.ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடியைக் கேட்டாக வேண்டும். "என்னம்மா இது, நாயனம் சுத்தமா கேட்கல, தவுலும் இல்ல" என்று கொண்டுவந்து நீட்டினார். நான் புதுக் கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அது கேட்டது. ஆனால் பாடுகிறவர் குரல் எங்கேயோ கிணற்றுக்குள் இருந்து வந்தது. ஹாலின் எதிரொலிதான் தூக்கலாக இருந்தது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்ததால் சந்தேகமே வரவில்லை. கிரவுண்ட் விட்டிருக்கிறது. இரண்டு காதுக்கும் தனித்தனிக் கம்பி போனாலும் திரும்பி வரும் பாதை ஒன்றுதான், அதுதான் கிரவுண்ட். அது விட்டுப்போனால் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று தொடராகிவிடும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதில் விழும். பாடுகிறவர் குரலை வழக்கமாக நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைப்பார்கள். சமமாக இருப்பது அடிபட்டுப் போகும். ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956-ல். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஒலி வைக்கும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்ததே 1958 வாக்கில்தான். அவருடைய பதிவுகள் மோனோ. இரண்டு காதுக்கும் ஒன்றே. வித்தியாசம் பூஜ்யம், அதனால்தான் நாயனம் முழுசாகவே போய்விட்டது.

ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் விஷயம் வேறு, அந்தக் காதுக்குப் போகும் கம்பியைப் பார்க்க வேண்டும்.

அப்புறம், கோளாறு போனிலா ஹெட்போனிலா? வேறு ஒரு ஹெட்போனைச் செருகினால் தெரியும். எங்களுக்கு இரண்டிலும் இருந்தது. சம்பா அறுவடை முழுக்க மாமா களத்தில்தான்; போன் வேட்டி மடிப்பில். டார்ச் அடித்துப் பார்த்தால் ஜாக் ஓட்டையின் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது. போனை அணைத்துவிட்டு, மூங்கில் பல்குச்சியால் ஓரமாக நெம்பினேன். வேட்டிப் பஞ்சும் நெல் சுணையும் சேர்ந்து இறுகி, வில்லையாக வந்து விழுந்தது. அவ்வளவு இருந்தால் ஹெட்போன் பின் எப்படி முழுசாக உள்ளே போகும்? கொஞ்சம் வெளியே நின்றாலும் பின்னில் உள்ள வளையங்கள் தப்பான இடத்தில் தொடும். தடிமனான போன் கவரும் இதே வேலையைச் செய்யும், அதையும் கழற்றிப் பாருங்கள். ஊக்கு, ஊசி எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தொடுதகடுகள் மெல்லியவை, வளைந்தால் திரும்பாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது தூசியை ஒட்டவைக்கும். பின்னை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன்.

இப்போது பின் 'டக்'கென்று உட்கார்ந்தது. ஆனாலும் பின்னை ஒட்டி ஒயரை வளைத்தால் நாயனம் வந்து வந்து போனது. மடங்கி மடங்கி அந்த இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது. பின்னை வெட்டிவிட்டு நான்கு பட்டை உள்ள புதுப் பின் வாங்கிவந்தேன். நுனி இடது, அடுத்தது வலது, அதற்கடுத்து கிரவுண்ட், கடைசி மைக். இப்போதைய போன்களுக்கு இந்த வரிசைதான். ஒயரில் பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட். எந்தக் கம்பி எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கம்பிகளுக்கு மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு உண்டு. அது போகாமல் ஈயம் பிடிக்காது. நுனியில் ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தொட்டு, சால்டரிங் அயர்னில் உருகிய ஈயச் சொட்டுக்குள் சில விநாடி வைத்தால் பூச்சு எரிந்து கம்பி பளிச்சென்று வெள்ளையாகும். அப்புறம் ஒட்டுவது சுலபம். பின்னின் மூடியை ஒயரில் முதலிலேயே கோத்துவிட வேண்டும். ஒயருக்குள் வரும் நைலான் நூலை வெட்டாமல் பின்னோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். இழுத்தால் இழுவை நூலில் விழும், கம்பி தப்பிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் எந்த ஹெட்போனைச் செருகினாலும் ஆடுகிறது என்றால் போனுக்குள் இருக்கும் ஜாக்கே தளர்ந்திருக்கிறது. பல மாடல்களில் அது சார்ஜிங் போர்டிலேயே இருக்கும். அதைக் கடையில் கொடுத்து மாற்றுவதுதான் சரி.