காற்று எந்தப் பக்கம்

"லாஸ் வேகாஸ் பக்கம் காற்று அடித்தால் வெடிப்பைத் தள்ளிப்போட்டீர்கள். எங்கள் பாட்டி ஊர்ப் பக்கம் அடித்தபோது ஏன் தள்ளிப்போடவில்லை?"

லாஸ் வேகாஸ் அணுச்சோதனை அருங்காட்சியகத்தில் என் மாணவி கேட்டது இது. பாட்டி வளர்ந்த ஊர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் செயின்ட் ஜார்ஜ். 1953 மே 19 அன்று நெவாடா பாலைவனத்தில் 'ஹாரி' என்ற 32 கிலோடன் குண்டை ஒரு கோபுரத்தின் மேல் வைத்து வெடித்தார்கள். அதன் கதிரியக்கத் தூசி காற்றோடு கிழக்கே போய் அந்த ஊரின்மேல் இறங்கியது. வெளியே வராதீர்கள் என்று ஊர்க்காரர்களிடம் சொன்னார்கள்.

எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெரியவர் சோதனைத் தளத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நான் சேர்ந்தபோது எல்லாமே தரைக்கு அடியில்தான் அம்மா" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 1963 அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு வானில் வெடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அங்கே நடந்த 928 சோதனைகளில் 828 நிலத்தடியில்தான். ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசவில்லை.

எனக்கு 'பேன்பெரி' என்ற சோதனையைப் பற்றித் தெரியும். 1970 டிசம்பர் 18, 10 கிலோடன், நிலத்தடியில்தான். தரை பிளந்து கதிரியக்க மேகம் வெளியே வந்தது, வேலையாட்கள் மேலும் பட்டது. அடியில் என்றால் ஆபத்தில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டு போகக்கூடாது. இயற்பியல் வாத்தியாராக அதைச் சொல்வது என் வேலை. அதே சமயம், வாழ்நாள் உழைப்பைப் பற்றிப் பேச வந்தவரை வகுப்பே நிற்கும் இடத்தில் மடக்குவதும் சரியாகப் படவில்லை. காற்றின் திசையை முடிவு செய்தவர் அவர் இல்லையே.

கூட வந்த ஆசிரியை வேறு மாதிரி சொன்னார்: அந்தக் கேள்வியையே நான் தடுத்திருக்க வேண்டுமாம். அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்குள்ள சிறு அரங்கில் வெடிப்புக் காட்சி ஓடும்போது பெஞ்சு அதிரும், முகத்தில் காற்று அடிக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. அதிர்ச்சியை அப்படிக் காட்டிவிடலாம், அப்புறம் நூறு மைல் தாண்டி இறங்கும் தூசியை எப்படிக் காட்டுவது? அவள் கேட்டதால்தான் அது மற்றவர்களுக்கும் உறைத்தது.

காற்று தூசியைக் கொண்டுபோன பக்கம் இருந்த இந்த மக்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990இல்தான் வந்தது. மறுநாள் வகுப்பில் அதையும் சொன்னேன், பேன்பெரியையும் சொன்னேன். "நேற்று அவர் எதிரில் ஏன் சொல்லவில்லை, சார்?" என்றாள். வயதானவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை என்றேன். எங்கள் பாட்டிக்கும் வயதாகிவிட்டது என்றாள்.

அடுத்த வருடமும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். பெரியவரிடம் முன்கூட்டியே தனியாகப் பேசலாமா என்று யோசிக்கிறேன். பேசினால், கேள்வி வருமுன்னே அதற்கு அணை கட்டியதாகிவிடுமோ என்றும் இருக்கிறது.