என் மகனின் வலிப்பும் எழும்பூர் வரை நாங்கள் போன வழியும்

என் மகனுக்கு வருவது வலிப்பு என்று எங்களுக்குத் தெரியவே 38 நாட்கள் ஆயின. வாயில் நுரை தள்ளுவது, கை கால் வெட்டி இழுப்பது என்று வலிப்பைப் பற்றி ஊரில் சொல்லப்படும் அடையாளம் எதுவும் அவனிடம் இல்லை. ஐந்து மாதக் குழந்தை. தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் கவிழும்; தூக்கச் சொல்லிக் கேட்பதுபோல இரண்டு கைகளும் விரிந்து எழும்; முழங்கால்கள் வயிற்றோடு மடங்கும். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு. பத்து விநாடி கழித்து மறுபடியும் அதேபோல வரும். இருபது, முப்பது முறை இப்படி வந்து ஓய்ந்தபின் வீறிட்டு அழுவான்.

எங்களுடையது சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். தொடக்கப்பள்ளி ஆசிரியையான நான் அப்போது மகப்பேறு விடுப்பில் இருந்தேன். முதலில் காட்டிய மருத்துவர், பால் குடித்ததும் வயிற்றில் காற்று சேர்வதால் குழந்தை முறுக்கிக்கொள்கிறது என்று சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பத்து நாள் கொடுத்தோம். என் கணவரின் பாட்டி, வீட்டில் எல்லோருக்கும் ஆச்சி, “பிள்ளைக்கு உரம் விழுந்திருக்குட்டி” என்று உறுதியாகச் சொன்னதால், உரம் எடுப்பவரிடம் கொண்டு போய்ச் சேலையில் போட்டு உருட்டியும் பார்த்தோம். ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் முகம் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டான் என்பதை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். “என்னைத் தாண்டி எங்கேயோ பார்க்கான்” என்று அவர் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்ததாக நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். நான் வாயால் விவரித்ததைக் கேட்டு அவர்கள், தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டு, அழுதுகொண்டு இருந்த நிலையிலேயே இருபது நிமிடத்தில் பதிவு முடிந்தது. குறை ஒன்றும் இல்லை என்று தாளில் அச்சாகி வந்தது. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்தால் இப்போதும் கோபமாக வருகிறது. இந்த வகை வலிப்பில் மூளை மின்னலைகளின் குழப்பம் தூக்கத்தில்தான் தெளிவாகப் பதிவாகும் என்பதும், விழித்திருக்கும்போது எடுத்த பதிவு சரியாக இருப்பதை மட்டும் வைத்து நோயே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது என்பதும் பின்னால்தான் எங்களுக்குப் புரிந்தது. அந்தத் தாளை நம்பி இரண்டு வாரம் சும்மா இருந்தோம்.

எங்களைச் சரியான வழியில் திருப்பிவிட்டவர், வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர். அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் மகன் தூங்கி எழுந்தான். வரிசையாக வரத் தொடங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் என் செல்பேசியை வாங்கி அதை முழுவதும் படம் பிடித்தார். “டாக்டர் அறைக்குப் போனா இது வராதும்மா. இதைக் காட்டுங்க” என்றார். அதுவரை ஆறு முறை மருத்துவர்களிடம் போயிருந்தும், அந்த அசைவை ஒருவர்கூடக் கண்ணால் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொல்லித்தந்தபடி அடுத்த மூன்று நாளும் நானே எடுத்தேன்: போர்வையை விலக்கி, தலை முதல் கால் வரை தெரியும்படி, வெளிச்சத்தில் கிடத்தி, முதல் அசைவிலிருந்து கடைசி அசைவு வரை நிறுத்தாமல். குழந்தையை அள்ளி எடுக்காமல் செல்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் எங்களிடம் இருந்த எல்லா அறிக்கைகளையும்விட அந்த இரண்டு நிமிடப் படமே பயன்பட்டது.

மாவட்டத்தின் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு மருத்துவர் படத்தை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார். குழந்தை பிறந்தபோது ஏதாவது சிக்கல் இருந்ததா என்று கேட்டார். பிறந்த இரண்டாம் நாள் அவன் பால் குடிக்காமல் சோர்ந்துபோய், இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்து, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் இருந்ததைச் சொன்னேன். அந்தச் சீட்டு இருக்கிறதா என்றார். பீரோவில் ஜாதகக் குறிப்போடு மடித்து வைத்திருந்தோம். என் கணவர் பேருந்து பிடித்து வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார். சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கடிதம் எழுதித் தந்த அந்த மருத்துவர், நாள் கடத்தாமல் மறுநாளே கிளம்ப வேண்டும் என்றும், தலைக்குக் குளிப்பாட்டி, போய்ச் சேரும்வரை எண்ணெய் தொடக்கூடாது என்றும் சொன்னார். தலையில் எண்ணெய்ப் பசை இருந்தால் இ.இ.ஜி. கம்பிகள் சரியாக ஒட்டாதாம். தினமும் கொள்ளுப்பேரனின் உச்சியில் எண்ணெய் வைத்துப் பழகிய ஆச்சிக்கு இதை ஒப்புக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

பொதிகை எக்ஸ்பிரஸ் எங்களை எழும்பூரிலேயே இறக்கிவிட்டது. மருத்துவமனை இருக்கும் ஹால்ஸ் ரோட்டுக்கு ஆட்டோவில் போய், வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கி, நரம்பியல் பிரிவுக்குப் போனோம். அங்கே மருத்துவர் படத்தைப் பார்த்த பிறகு குழந்தையின் தலைச் சுற்றளவை அளந்தார். உடம்பு முழுக்கத் துணியை விலக்கி, விளக்கு அடித்துத் தோலைப் பார்த்தார். வலிப்புக்கு வந்தவனின் தோலை எதற்குப் பார்க்கிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. தோலில் இலை வடிவ வெண்திட்டுகள் இருந்தால் அது டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்ற மரபணுக் கோளாறாக இருக்கலாம் என்றும், அப்படியானால் கொடுக்கும் மருந்தே மாறும் என்றும் அவர் விளக்கினார். என் மகனுக்குத் திட்டுகள் இல்லை.

அன்றைய இ.இ.ஜி. தூங்கவைத்து எடுக்கப்பட்டது. மருத்துவர் நோயின் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: இன்ஃபண்டைல் ஸ்பாசம், பதிவில் தெரிந்த அலைக்குழப்பத்துக்கு ஹிப்ஸ்அரித்மியா என்று பெயர். இரண்டும் சேர்ந்தால் வெஸ்ட் சின்ட்ரோம். அந்த வெஸ்ட் என்பவர் இங்கிலாந்து மருத்துவர். 1841இல் தன் சொந்த மகனுக்கு வந்த இந்த அசைவுகளை விவரித்து லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதியவர். தகப்பனும் மருத்துவருமான அவருக்கே அன்று என்ன செய்வதென்று தெரியவில்லை என்று அறிந்தபோது, உரம் எடுக்கப் போன எங்கள் மீது எனக்கிருந்த வெறுப்பு கொஞ்சம் தணிந்தது.

எம்.ஆர்.ஐ. எடுக்கக் குழந்தையைச் சில மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்து மயக்க மருந்து கொடுத்தார்கள். மூளையின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் பாதிப்பு தெரிந்தது. பிறந்த நாட்களில் சர்க்கரை குறையும்போது பெரும்பாலும் அடிபடும் இடம் அதுதான் என்று சொல்லி, ஜாதகத்தோடு இருந்த அந்தச் சீட்டைக் கோப்பில் முதல் தாளாக வைத்தார்கள்.

சிகிச்சைக்கு ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபாட்ரின் என்று மூன்று மருந்துகள் இருப்பதை விளக்கி, எங்களுக்கு வாய்வழி பிரெட்னிசோலோனை அதிக அளவில் தொடங்கினார்கள். இதில் பாதி வெற்றி என்று எதுவும் கிடையாது, அசைவுகள் முழுவதும் நிற்க வேண்டும், அலைக்குழப்பமும் மறைய வேண்டும் என்பதை மருத்துவர் இரண்டு முறை சொன்னார். பள்ளி வருகைப் பதிவேட்டைப் போலக் கோடு போட்ட நோட்டில் எத்தனை மணிக்கு, எத்தனை அசைவு என்று எழுதினேன். முதல் நாள் ஏழு வரிசை. நான்காம் நாள் மூன்று. ஆறாம் நாள் ஒன்றுமில்லை. நம்பாமல் அவன் தூங்கி எழும்போதெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து எடுத்த தூக்க இ.இ.ஜி.யில் குழப்பம் மறைந்திருந்தது.

மருந்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முகம் உப்பிப் பந்துபோல ஆனது, ஓயாத பசி, காரணமில்லாத சிணுங்கல். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடிக்கடி பார்த்தார்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக்கூடாது, எழுதித் தந்தபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றும், போலியோ சொட்டு மருந்து உட்பட உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகளைத் தங்களைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்றும், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்றும் சொன்னார்கள். பின்னாளில் வேறு வகை வலிப்பும் வரலாம் என்பதால், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயையும் கொடுத்தனுப்பினார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் பயன் இல்லை. தலையணை அடியில் ஆச்சி வைத்திருந்த பழைய சாவிக்கொத்தை ஊருக்குத் திரும்பியதும் எடுத்துவிட்டோம்.

இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. அசைவுகள் திரும்பவில்லை. பதினான்காம் மாதத்தில் யாரும் பிடிக்காமல் தானாக உட்கார்ந்தான். நிற்க இன்னும் ஆள் வேண்டும். கண்ணில் கோளாறு இல்லாவிட்டாலும் மூளைக்குப் பார்வை முழுதாகப் போய்ச் சேரவில்லை என்கிறார்கள். அதற்காகவும் இயன்முறைப் பயிற்சிக்காகவும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு வாரம் இரு முறை போகிறோம். சிவப்புக் கிண்ணத்தை ஆட்டினால் திரும்பிப் பார்க்கிறான். ஆச்சியின் குரலுக்கு, அவர் முகம் பக்கத்தில் வந்தால், சிரிக்கிறான்.

அடுத்த மாதம் மீண்டும் எழும்பூர். தேதி தெரிந்ததும் ஆச்சி எண்ணெய்க் கிண்ணத்தைத் தானே எடுத்துப் பரணில் வைத்துவிட்டார்.