சுந்தரியோடு மூன்று மாத வீடு தேடினோம்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டைக் கட்டி 25 வருடம் ஆகிறது. தரைக்கு அடியில் போன குழாய்கள் துருப்பிடித்து, சுவரில் ஓதம் ஏறிவிட்டது. தரையைப் பெயர்த்துக் குழாய் மாற்றித் திரும்ப டைல்ஸ் போட மூன்று மாதம் ஆகும் என்றார் மேஸ்திரி. அதுவரை வேறு வீடு வேண்டும். நான், கணவர், மாமியார், அப்புறம் சுந்தரி. சுந்தரி நாட்டு நாய், 9 வயது. ஒரு மழை நாளில் குட்டியாக எங்கள் கேட்டுக்கு அடியில் புகுந்து வந்தவள்.

வழக்கமாக வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவார்கள். மூன்று மாதம் என்றாலே பாதிப் பேர் வேண்டாம் என்றுவிடுகிறார்கள். நாய் என்றதும் மீதிப் பேரும் போய்விடுகிறார்கள். "எத்தனை பேரு? வெஜ்ஜா?" வரைக்கும் நன்றாகத்தான் பேசுவார்கள். சர்வீஸ் அபார்ட்மென்ட் சிலவற்றில் நாய்க்கு அனுமதி உண்டு, ஆனால் நாள் வாடகையை மூன்று மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. சுந்தரியைக் காப்பகத்தில் விடலாம் என்றார் ஒரு உறவினர். இரண்டு நாள் நாங்கள் ஊருக்குப் போனாலே சாப்பிடாமல் கிடப்பவளை மூன்று மாதம் எப்படி விடுவது?

கீழ்க்கட்டளையில் வீடு காட்டிய புரோக்கர் ஒரு யோசனை சொன்னார். "நாயைப் பத்தி இப்ப பேசாதீங்க மேடம். சாமான் இறக்கினப்புறம் கூட்டிட்டு வந்துக்கலாம்." அன்று இரவு நானும் கணவரும் அதைப் பேசிக்கொண்டே இருந்தோம். பத்தாம் நாள் ஓனர் காலி செய்யச் சொன்னால், உடைத்துப் போட்ட வீட்டுக்கா திரும்பிப் போவது? காலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு எல்லா போனிலும் முதல் வரியே, "எங்க வீட்ல ஒரு நாய் இருக்கு, மூணு மாசத்துக்குத்தான் வீடு வேணும்."

உள்ளகரத்தில் ஒரு அடுக்குமாடியில் ஓனர் சம்மதித்தார், சங்கச் செயலாளர் முடியாது என்றார். குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை அச்செடுத்துப் போய்ச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். சாயங்காலம் ஓனரே கூப்பிட்டு, "நமக்கு எதுக்கும்மா வம்பு" என்றார். அந்த வழிகாட்டுதல் சங்கத்துக்குச் சொன்னதுதான். யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது ஓனரின் விருப்பம். சரி என்று அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

கடைசியில் வழி காட்டியவர் எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எது காலி என்பது அவருக்குத் தெரிந்த மாதிரி எந்த ஆப்புக்கும் தெரியாது. "நங்கநல்லூர்ல ஒரு டீச்சரம்மா வீடு இருக்கும்மா. பில்டருக்குக் குடுத்துட்டாங்க. பிளான் அப்ரூவல் வர்ற வரைக்கும் சும்மாதான் கிடக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இடிக்கப் போகிற வீட்டுக்கு வருடக் கணக்கில் குடித்தனக்காரர் தேவையில்லை. தரையில் கீறல் விழும் என்ற கவலையும் கிடையாது. மூன்று மாதத்துக்கு நாயோடு வீடு தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட வீடுகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் ஐந்து வாரம் போனது.

டீச்சரை அங்கே போய்ப் பார்க்காமல், சுந்தரியைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி அழைத்தேன். ஒரு ஃபைல் தயாராக வைத்திருந்தேன்: ரேபிஸ் தடுப்பூசி அட்டை, மாநகராட்சியில் 50 ரூபாய் கட்டி எடுத்த நாய் உரிமம், கருத்தடை ஆபரேஷன் செய்த சீட்டு. கருத்தடை செய்யாத பெட்டை என்றால் தெருநாய்கள் வாசலில் கூடும், அந்தப் பயம் ஓனர்களுக்கு நிறைய உண்டு. டீச்சர் ஃபைலைப் புரட்டக்கூட இல்லை. சுந்தரி அவருடைய செருப்பை முகர்ந்து, சேலைக் கரையை முகர்ந்து, இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

"ராத்திரி குரைக்குமா?"

"புது ஆள் வந்தா குரைப்பா டீச்சர். சும்மா குரைக்க மாட்டா."

"அது நல்லதுதானே" என்றார்.

இரண்டு மாத வாடகை முன்பணம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை வரை முன்பணம் கேட்க இடம் கொடுக்கிறது, அவர் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. நாய் இருப்பதையும், கதவு ஜன்னல் சேதமானால் நாங்களே சரிசெய்வோம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னது நான்தான்.

குட்டியானை வண்டியில் சாமான் போவதற்கு முன்னால், பழகிய வாசனை இருக்கட்டும் என்று சுந்தரியின் துவைக்காத பழைய போர்வையைக் கொண்டுபோய் அங்கே விரித்தோம். முதல் இரவு அறை அறையாகச் சுற்றிவிட்டு மாமியார் கட்டிலுக்கு அடியில் படுத்தாள்.

அந்த வீட்டின் சொரசொரப்பான சிமென்ட் தரையில் நான்காவது நாள் கவனித்தேன், சுந்தரி வழுக்காமல் நடந்தாள். எங்கள் வீட்டு வழவழப்பு டைல்ஸில் ஒரு வருடமாக அவள் பின்னங்கால் விலகி விலகிப் போகும், வயசு என்றே நினைத்திருந்தோம். அன்றைக்கே மேஸ்திரிக்குப் போன் போட்டு, பளபள டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானதாகப் பாருங்கள் என்றேன்.