டெண்டரில் நிராகரிக்கப்பட்டால்: மேல்முறையீடும் ரிட் மனுவும், எங்கள் அனுபவம்

தென்மாவட்டம் ஒன்றில் அரசுப் பள்ளிக்கு வகுப்பறைகள் கட்டும் டெண்டரில் எங்கள் விலைப்புள்ளியைத் தொழில்நுட்ப உறையிலேயே தள்ளிவிட்டார்கள். இரண்டு உறை முறையில் தகுதிச் சான்றுகள் (தொழில்நுட்பம்) முதல் உறையில், விலை இரண்டாவது உறையில்; முதல் உறையில் தேறாதவரின் விலை உறையைத் திறக்கவே மாட்டார்கள். நாங்கள் எவ்வளவு குறைத்துக் கேட்டிருந்தோம் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இணையதளத்தில் எங்கள் பெயருக்கு நேரே நிராகரிப்பு என்று மட்டும் இருந்தது. காரணம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலான கான்ட்ராக்டர்கள் விட்டுவிடுவார்கள். நாளைக்கும் அதே அலுவலகத்தில்தான் பில் பாஸாக வேண்டும், எதற்கு வம்பு என்ற பயம். அது நியாயமான பயம்தான், எனக்கும் இருந்தது. ஆனால் தகுதியுள்ளவரைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கினால் போட்டி குறையும், விலை ஏறும், போவது மக்கள் பணம். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

காரணத்தை எழுத்தில் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டோம், மின்னஞ்சலும் அனுப்பினோம். நேரில் போனால் 'பார்க்கலாம் சார்' என்பார்கள், நாள் ஓடிவிடும். வந்த பதில் ஒரே வரி: பணி நிறைவுச் சான்று, டெண்டர் ஆவணத்தின் இணைப்பில் உள்ள படிவத்தில் இல்லை.

நாங்கள் பதிவேற்றியது, முந்தைய வேலையைக் கொடுத்த துறையின் செயற்பொறியாளர் தன் அலுவலகக் கடிதத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று. இதேபோன்ற வேலையைச் செய்து முடித்திருக்க வேண்டும், செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி சான்று தர வேண்டும் என்பதுதான் தகுதி நிபந்தனை. எங்கள் சான்றில் அது இரண்டும் இருந்தது. இல்லாதது கட்டம் போட்ட படிவம் மட்டும்.

1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 11வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. டெண்டர் ஏற்கும் அதிகாரியின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர், உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசு 15 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். தபால் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உத்தரவு என்றைக்குக் கிடைத்தது என்பதற்கு அதிலுள்ள முத்திரைதான் அத்தாட்சி.

மேல்முறையீடு போட்டதாலேயே வேலை நின்றுவிடாது, இது பலருக்குத் தெரிவதில்லை. இடைக்கால உத்தரவு தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்டோம், பதில் வரவில்லை. அதற்குள் மற்றவர்களின் விலை உறைகளைத் திறந்து எல்1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், யார் என்றும் அறிவித்துவிட்டார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி, இடத்தை ஒப்படைத்து, அஸ்திவாரம் தோண்டிவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டும் லேசில் கை வைக்காது. அதனால் அரசு அதிகாரிகளின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவோடு மதுரைக் கிளைக்குப் போனோம்.

வழக்கறிஞர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சார், உங்களுக்கு வேலை கொடுங்கன்னு கோர்ட் சொல்லாது. முடிவெடுத்த விதம் சரியாங்கிறதை மட்டும்தான் பார்க்கும்." 1994இல் டாடா செல்லுலார் வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவருவது அதைத்தான். 2006இல் ஜகதீஷ் மண்டல் வழக்கு இன்னும் இறுக்கியது: முடிவில் கெட்ட எண்ணமோ, எந்தப் பொறுப்பான அதிகாரியும் எடுக்காத அளவு தான்தோன்றித்தனமோ இருக்கிறதா, பொதுநலன் பாதிக்கப்படுகிறதா என்பதே கேள்வி. தோற்றவரின் மனக்குறைக்காக டெண்டரில் தலையிட மாட்டார்கள்.

அரசு வழக்கறிஞர் தடையாணையே கூடாது என்றார். உள்கட்டமைப்புப் பணிகளுக்குத் தடை தர நீதிமன்றங்கள் தயங்க வேண்டும் என்று 2022இல் என்.ஜி. புராஜக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், 2018 திருத்தத்துக்குப் பிறகு குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் (Specific Relief Act) உள்கட்டமைப்புப் பணிகளைத் தாமதப்படுத்தும் தடையாணைகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பதையும் எடுத்து வைத்தார். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் கல்வி நிறுவனங்களும் உண்டு. வலுவான வாதம்தான், எங்களிடம் பேச்சே இல்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது 1991இன் போத்தார் ஸ்டீல் வழக்கு. ரொக்கமாகவோ குறிப்பிட்ட வங்கியின் டிராஃப்டாகவோ கொடுக்க வேண்டிய முன்வைப்புத் தொகையை (டெண்டரோடு கட்டும் வைப்புப் பணம், EMD) ஒருவர் வேறு வங்கியின் காசோலையாகக் கொடுத்திருந்தார். தகுதியைத் தீர்மானிக்கும் நிபந்தனை வேறு, துணை நிபந்தனை வேறு. இரண்டாவதை அதிகாரி தளர்த்தலாம் என்று அதில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மதுரைக் கிளை எங்கள் டெண்டரின் தகுதிக்குள் போகவில்லை. மேல்முறையீட்டை இரு தரப்பையும் கேட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஒப்பந்தம் போடக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டது. எங்களுக்கு அது போதும்.

எல்1 கான்ட்ராக்டரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்திருந்தோம். வெற்றி பெற்றவரைச் சேர்க்காமல் போட்டால் மனு அங்கேயே அடிபடும். அவர் எனக்கு போன் செய்து, "அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. அதையே அவரிடமும் சொன்னேன், விசாரணையிலும் சொன்னேன்.

சென்னையில், தலைமைச் செயலகத்தில் மேல்முறையீட்டு விசாரணை. அரை மணி நேரம்கூட இல்லை. இணைப்புப் படிவத்தையும் எங்கள் சான்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். வேலையின் பெயர், ஒப்பந்த எண், மதிப்பு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, தரம் என்று படிவம் கேட்ட ஒவ்வொன்றும் சான்றில் எந்த வரியில் இருக்கிறது என்று பென்சிலால் எண் போட்டிருந்தோம். விசாரித்த அதிகாரி விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிறகு துறைத் தரப்பைப் பார்த்து, "இதுல எது இல்லைன்னு சொல்றீங்க?" என்றார். படிவத்தில் இல்லை என்ற பதிலே திரும்ப வந்தது. நாங்கள் சட்டம் பேசியதைவிட அந்தப் பென்சில் எண்கள்தான் அதிகம் வேலை செய்தன என்று நினைக்கிறேன்.

நிராகரிப்பை ரத்து செய்து உத்தரவு வந்தது. அப்போது மற்றவர்களின் விலை ஏற்கெனவே வெளியே தெரிந்துவிட்டதால், டெண்டரையே ரத்து செய்து மறுபடி அழைத்தார்கள். புது ஆவணத்தில் அந்த நிபந்தனை மாறியிருந்தது: 'இணைப்பில் உள்ள படிவத்திலோ, அதே விவரங்கள் கொண்ட அலுவலகச் சான்றாகவோ.' அந்த வரியைப் பார்த்தபோதுதான் அலைந்த அலைச்சல் வீண் இல்லை என்று தோன்றியது.

மறு டெண்டரில் எங்கள் விலை உறையும் திறக்கப்பட்டது. எங்களைவிடக் குறைத்துக் கேட்ட வேறொருவருக்கு வேலை போனது. எங்கள் முன்வைப்புத் தொகை தாமதமில்லாமல் திரும்பி வந்தது. அதே அலுவலகத்தின் அடுத்த டெண்டருக்கும் விண்ணப்பித்திருக்கிறோம், இந்த முறை கட்டம் போட்ட படிவத்தையும் சேர்த்தே.