பல்லவியும் பல்லவன் பஸ்ஸும்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைத்துப் பாட ஆரம்பித்து 8 மாதம் ஆகிறது. மந்தைவெளிப் பக்கம் பாட்டு டீச்சர்களுக்குப் பஞ்சமே இல்லை, நான் டீச்சரும் இல்லை, வர்ணம், ஒன்றிரண்டு கீர்த்தனை என்று கற்றதோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவள். 4 வயதிலிருந்து 7 வயதுவரை ஒன்பது பேர், சில நாள் பதினொன்று. நோட்டு கிடையாது, ஃபீஸ் கிடையாது. ஒரு பாட்டு எங்கே கிளம்புகிறது, எங்கே போகிறது, எப்போது திரும்பி வருகிறது, இது பிடிபட்டால் போதும் என்பதுதான் என் கணக்கு.

முதல் வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வெள்ளைப் பலகை ஒன்றை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் பாட்டின் மூன்று பாகங்களை எழுதினேன்: திரும்பத் திரும்ப வரும் பல்லவி, அதைத் தொடரும் அனுபல்லவி, பிறகு சரணம். பாதிப் பேருக்கு எழுத்தே தெரியாது. சரி, தமிழில் சொன்னால் பிடிக்கும் என்று எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்றும் சொல்லிப் பார்த்தேன். "முடிப்புன்னா வீட்டுக்குப் போலாமா ஆன்ட்டி?" என்று ஒரு வாண்டு எழுந்தே விட்டான்.

அடுத்த வாரம் ஐந்து வயதுக்காரி ஒருத்தி வந்ததும் வராததுமாக, "பல்லவின்னா பஸ்ஸா?" என்றாள். வீட்டில் தாத்தாவிடம் போய் இன்றைக்குப் பல்லவி கற்றுக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறாள், அவர் காதில் பல்லவன் என்று விழுந்திருக்கிறது. 1972இல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனால் அவர் வயதுக்காரர்களுக்கு மாநகரப் பேருந்து இன்னும் பல்லவன்தான். சிரித்து முடித்ததும் தோன்றியது: பஸ்ஸாகவே இருக்கட்டுமே.

அன்றே எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பாட்டு கட்டினோம்.

வருது பாரு 29சி
ஏறு ஏறு சீக்கிரம் ஏறு

இது பல்லவி. அனுபல்லவியில் கொஞ்சம் மேலே போகவேண்டும், குரலை ஏற்றவேண்டும்.

சில்லறை இருக்கா? கேட்பார் கண்டக்டர்
போலாம் ரைட்! போலாம் ரைட்!

அந்த 'போலாம் ரைட்'தான் எல்லாவற்றையும் செய்தது. அதைக் கேட்டால் பஸ் கிளம்பவேண்டும், அதாவது பல்லவிக்குத் திரும்பவேண்டும். நான் விளக்கவே இல்லை. சரணத்தின் கடைசியிலும் அதையே வைத்தோம். லஸ்ஸில் கூட்டமாம், ஜன்னல் சீட்டு எனக்காம் என்று ஒரு சரணம், அடையாறு பாலத்தில் காற்றாம் என்று இன்னொன்று, பெசன்ட் நகர் பீச்சில் சுண்டலாம் என்று மூன்றாவது. மெட்டு மூன்றுக்கும் ஒன்றுதான், சினிமாப் பாட்டுச் சரணங்களைப் போல. பல்லவிக்கு எல்லோரும் நிற்கவேண்டும், சரணத்துக்கு உட்காரவேண்டும், சரணத்தை ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்லவேண்டும். ஒருவர் சொல்ல ஊரே வாங்கிப் பாடுவது நான் கண்டுபிடித்தது இல்லை. பாபநாசம் சிவன் மார்கழியில் கபாலி கோயில் மாட வீதிகளில் பஜனை நடத்திய பேட்டை இது, கும்மியும் அப்படித்தான்.

கூட்டத்தோடு பாடுவதில் ஒரு வசதி, தெரியாதவன் அரை வினாடி பின்னால் வந்தாலும் யாருக்கும் தெரியாது. எங்களிடம் ஒருவன் இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை. ஆனால் பல்லவிக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்பவன் அவன்தான்.

கஷ்டம் நடுவில் வரும் இசையில். சரணத்துக்குச் சரணம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும், ஆதி தாளம் ஓர் ஆவர்த்தம், அதாவது ஒரு சுற்று, 8 எண்ணிக்கை, வாயால் டுர்ர் என்று இன்ஜின் சத்தம் போட்டுவிட்டு டக்கென்று நிறுத்தி அடுத்த சரணத்தை எடுக்கவேண்டும். எங்கே நிறுத்துகிறார்கள்! சத்தம் வீதிவரை கேட்டது. தாளத்தை விரல்விட்டு எண்ணுவதும் பெரும்பாடு. தட்டிவிட்டுச் சுண்டுவிரல் வரை சரி, மோதிரவிரலைத் தனியாக இறக்க அந்த வயதுக் கைக்கு வரவில்லை, நாலு வயதுக்காரி இடது கையால் அந்த விரலைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு, அதற்குள் தாளம் போய்விட, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கடைசியில் விரலை விட்டுவிட்டு எட்டு அடி நடக்கவிட்டேன். இரண்டே வாரத்தில் வந்துவிட்டது.

இன்னொன்று சுருதி, பாட்டு நிற்கும் அடிப்படை உயரம்; கட்டை கூடினால் உயரமும் கூடும். என் வசதிக்கு நாலரைக் கட்டையில் ஆரம்பித்தேன், பல்லவி கீழே இறங்கும் இடத்தில் குழந்தைகளின் குரல் முணுமுணுப்பாகிவிடும், நானும் கவனமில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். 6 கட்டைக்கு ஏற்றியதும் அவர்கள் கணீரென்று பாடினார்கள், எனக்குத்தான் அனுபல்லவியில் மூச்சு முட்டியது. பரவாயில்லை, பாட வந்தது அவர்கள்.

மூன்றாவது மாடிப் பாட்டிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "சரளி வரிசை சொல்லித்தராம பஸ் பாட்டா?" என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, ஸ்வரம் சுத்தமாக வர வரிசைகள் என்ற ஆரம்பப் பயிற்சிகளுக்கு மாற்று கிடையாது. ஆனால் நான் ஒரு வருஷம் வரிசையும் அலங்காரமும் பாடிவிட்டு, கீதமெல்லாம் தாண்டி, முதல் கீர்த்தனை வந்தபோது ஏன் பாடினதையே திரும்பத் திரும்பப் பாடவேண்டும் என்று புரியாமல் முழித்தவள். யாரும் சொல்லவும் இல்லை.

போன டிசம்பரில் அந்த ஐந்து வயதுக்காரியை அவள் அம்மா ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். இலவசம்தான், கூட்டமும் அதிகமில்லை. பாடகி அனுபல்லவியின் கடைசி வரியை முடித்து ஒரு மூச்சு எடுத்திருக்கிறார். அந்த அமைதியில் இவள் கணீரென்று, "போலாம் ரைட்!"

முன்வரிசை மாமாக்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்களாம். பாடகி சிரிப்பை அடக்கிக்கொண்டே பல்லவியை எடுத்தாராம்.