119-ஆம் சங்கீதமும் பாதிச் சப்பாத்தியும்

பக்கத்து வீட்டுக் குடும்ப ஜெபம் இன்றும் அழுகையில்தான் முடிந்தது.

மணி ஒன்பதே கால். சின்னவன் கையில் பாதி கடித்த சப்பாத்தியோடு தூங்கி வழிகிறான். அப்பா வாசிப்பதோ பைபிளில் 119-ஆம் சங்கீதம். மொத்தம் 176 வசனம்!

பிள்ளைக்குப் பக்தி குறைச்சல் இல்லை. தூக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் தாராளம். பாட்டில் ஒரு சரணம், 117-ஆம் சங்கீதம் (இரண்டே வசனம்), பிறகு ஆளுக்கு ஒரு வரி நன்றி. ஒரே சங்கீதத்தை வாரம் முழுக்க வாசித்தால் தானாக மனப்பாடம் ஆகிவிடும்.

"தொலைஞ்ச ரப்பர் கிடைச்சதுக்கு நன்றி இயேசப்பா" என்றால் சிரிக்காதீர்கள், திருத்தவும் வேண்டாம். திருத்தினால் நாளைக்கு உங்கள் வரியைத்தான் ஒப்பிக்கும்.

முக்கியமாக, "ஆண்டவரே, இவன் ஒழுங்கா ஹோம்வொர்க் செய்யணும்" என்று ஜெபத்துக்குள் திட்டாதீர்கள். அது யாருக்குச் சொல்வது என்று பிள்ளைக்குத் தெரியும்.

ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார நேரமே இல்லையா?

இங்கிலாந்தில் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகள் பெற்றவர். பிழைத்தவர்கள் 10 பேர். வீட்டிலேயே பாடமும் சொல்லிக்கொடுத்தார். தினம் ராத்திரி ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவதாக 1712-ல் கணவருக்கு எழுதினார். வியாழக்கிழமை ஜானுக்கு. பின்னாளில் மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கிய அதே ஜான் வெஸ்லி.

இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி ஒதுக்கலாம். பூண்டு உரித்துக்கொண்டே பேசினாலும் சரி. "வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்" என்றுதானே பைபிளின் உபாகமம் 6:7 பிள்ளைகளுக்குப் போதிக்கச் சொல்கிறது.

செல்போன் மட்டும் வேறு அறையில் இருக்கட்டும்.